மக்ஸ்வெல்லின் பேய்க்கு விடை எழுதப் போகிறவர்களுக்கு

"மக்ஸ்வெல்லின் பேய் வெப்பவியக்கவியலின் இரண்டாம் விதியை மீறவில்லை. ஏன்?" மொத்த எந்திரப்பி (ஒழுங்கின்மையின் அளவு) குறையாது என்பது அந்த விதி. மூலக்கூறுகளைப் பார்த்து, வேகமானவற்றை ஒரு புறமும் மெதுவானவற்றை மறுபுறமும் வேலை செலவின்றிப் பிரித்து, விதியை மீறுவதுபோல் தோன்றும் கற்பனை உயிர்தான் பேய். பல்கலைக்கழக இரண்டாம் ஆண்டில் இந்த வினாவுக்குப் பாதிப் புள்ளியை இழந்தேன். மூலக்கூறைப் பார்க்க ஒளி வேண்டும், அதற்குச் சக்தி செலவாகும், ஆகவே விதி மீறப்படவில்லை என்று எழுதியிருந்தேன். பௌதிகவியலாளர் பிரில்லுவான் 1951இல் தந்த விளக்கம் இது. பழைய நூல்களில் இன்றும் கிடக்கிறது. அதோடு நிறுத்திவிடாதீர்கள்.

விடுமுறையில் ஹட்டனுக்கு அருகே எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு வந்திருந்தேன். கொழுந்து மடுவத்தில் அம்மாவின் நிறுவைக்காகக் காத்திருந்தபோது, அங்கிருந்த கரும்பலகையை ஒருவர் ஈரத்துணியால் துடைத்தார். நேற்றைய கணக்கு போனது. 18 என்று இருந்ததா, 22 என்று இருந்ததா? வெற்றுப் பலகையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. துணி மட்டும் சுண்ணாம்பால் வெளுத்திருந்தது. பேய்க்கும் இப்படியொரு பலகை வேண்டுமே என்று அப்போதுதான் உறைத்தது.

சிலார்ட் 1929இல் சொன்ன பெட்டியைக் கட்டாயம் வரையுங்கள். பாதி விடை அந்தப் படத்திலேயே இருக்கிறது. ஒரே ஒரு மூலக்கூறு, நடுவே ஒரு தடுப்பு. மூலக்கூறு இடப்புறமா வலப்புறமா என்று பேய் குறித்துக்கொள்கிறது. எந்தப் புறம் என்று தெரிந்தால் தடுப்பை முசலமாக்கி (நகரும் பிஸ்டனாக்கி), வெப்பநிலை மாறாத சமவெப்ப விரிவில் வேலை பெறலாம். கனவளவு இருமடங்காவதால், கிடைக்கும் வேலை போல்ட்ஸ்மான் மாறிலி, வெப்பநிலை, இரண்டின் இயற்கை மடக்கை ஆகிய மூன்றின் பெருக்கம்.

அடுத்த சுற்றுக்குப் பேயின் குறிப்பு வெறுமையாக வேண்டும். 'இடம்', 'வலம்' என்ற இரண்டு நிலைகளையும் ஒரே நிலைக்குக் கொண்டுவந்தால் குறிப்பின் எந்திரப்பி குறைகிறது. சூழல் அதை வெப்பமாக வாங்கிக்கொள்ள வேண்டும். அந்த வெப்பம் குறைந்தபட்சம் மேற்சொன்ன அதே பெருக்கம் என்று லண்டவர் 1961இல் காட்டினார். அளப்பதைத் தத்துவத்தில் செலவின்றிச் செய்யலாம், அழிப்பதைச் செய்ய முடியாது என்று பெனட் 1982இல் கணக்கை முடித்தார். பேய் பெற்ற வேலை குறிப்பை அழிப்பதிலேயே போய்விடுவதால் விதி மீறப்படவில்லை. புள்ளி இந்த இடத்தில்தான் இருக்கிறது.

எண்ணையும் போடுங்கள். மலைநாட்டுக் காலைக்குப் பொருந்தும் 290 கெல்வினில் அந்தப் பெருக்கம் சுமார் 2.8 × 10⁻²¹ யூல். வெப்பநிலையை 17 என்று செல்சியசில் பிரதியிட்டுவிடாதீர்கள். அவசரத்தில் பலருக்கு அங்கேதான் கை தவறுகிறது.