போக்கர் பழகும் கதை: கரண்ட் போன கை

போன சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்கு உட்கார்ந்தோம், எழுந்தபோது விடிகாலை நாலரை. நேரில் உட்கார்ந்து ஆடுவதில் இது எனக்குப் பதினோராவது ராத்திரி. முந்தின பத்து ராத்திரிக் கணக்கும் நோட்டில் இருக்கிறது. மொத்தத்தில் 1,310 ரூபாய் நஷ்டம். டியூஷன் பீஸ் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

அதற்கு முன்னால் எல்லாமே செல்போனில்தான். 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் சட்டம் போட்டதும் செயலிகள் கடையைக் கட்டின. அப்புறம்தான் காவேரிப்பட்டணம் ரோட்டில் நண்பன் வீட்டு மாடித் தகரக் கொட்டகையில் ஏழு பேர் கூட ஆரம்பித்தோம். ப்ளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே இருவர் வைக்க வேண்டிய பந்தயம்) ஐந்து, பத்து. ஆயிரம் ரூபாயோடு உட்காரலாம். தோற்றால் இன்னொரு ஆயிரம், அதோடு சரி. வீட்டுக்காரன் பங்கு எடுப்பதில்லை, நிப்பட்டும் டீயும் அவன் செலவு. காசுக்குப் பதிலாக வைக்க வாங்கிய சிப்ஸ், அதாவது பிளாஸ்டிக் வில்லை, செட் ஏழு பேருக்குப் பற்றாததால் ஐந்து ரூபாய்க்குப் புளியங்கொட்டை. புளிக்குப் பஞ்சமில்லாத ஊர். வழவழவென்று விரலில் உருட்டிக்கொண்டே யோசிக்க பிளாஸ்டிக்கைவிட இதுதான் சுகம்.

நேரில் ஆடும்போது முதலில் உறைப்பது வேகம்தான். கலைத்து, வெட்டி, போட்டு, கதை பேசி முடிக்க மணிக்கு இருபது கை வந்தால் பெரிது. நல்ல சீட்டு வராவிட்டால் மணிக்கணக்கில் சும்மா உட்கார வேண்டும். அந்தச் சும்மா இருக்கும் நேரத்தில்தான் என் காசு போகிறது என்று நோட்டைப் புரட்டியபோது தெரிந்தது. அதனால் இந்த மாத வீட்டுப்பாடம்: கையில் சீட்டு இல்லாதபோது எதிராளியைப் பார்ப்பது.

பார்க்க வேண்டிய ஆள் மாமா. நண்பனுக்குத் தாய்மாமா, எங்கள் எல்லோருக்கும் மாமா. ராயக்கோட்டையில் தக்காளி வியாபாரம், ரம்மியில் நாற்பது வருஷப் பழக்கம், போக்கர் கற்று ஆறே மாதம். சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு பனியனோடு உட்காருவார். அன்றைக்கு வந்ததுமே, “கண்ணாடிய மறந்துட்டேன் மாப்ள, கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கப்பா” என்றார். இரண்டு மூன்று முறை, தரையில் விரித்த சீட்டைக் காட்டி இது ஆறா ஒன்பதா என்று கேட்கவும் செய்தார்.

பன்னிரண்டரை இருக்கும். டீலர் பட்டன் (ப்ளாப்பிலிருந்து கடைசியில் முடிவு சொல்லும் இடம்) என்னிடம். ஆளுக்கு இரண்டு சீட்டில் எனக்கு ஆட்டின் எட்டு, டைமன் எட்டு வந்தது. மாமா 40 என்றார், நானும் இன்னொருவனும் பின்னால் போனோம். ப்ளாப், அதாவது எல்லோருக்கும் பொதுவாக விரிக்கும் முதல் மூன்று சீட்டு: கிளாவர் ராஜா, கிளாவர் எட்டு, டைமன் மூன்று. ஜோடிச் சீட்டோடு போனால் ப்ளாப்பில் மூன்றாவது விழுவது எட்டரைத் தடவைக்கு ஒரு தடவைதான். மாமா 100 வைத்தார், நடுவில் இருந்தவன் விலகினான். கிளாவர் இரண்டு கிடக்கும்போது அங்கேயே ஏற்றியிருக்க வேண்டும். புத்திசாலித்தனம் என்று நினைத்து ஏற்றாமல் அதே 100ஐ வைத்து வெறுமனே கால் போட்டேன்.

டர்ன், அதாவது நாலாவது பொதுச் சீட்டு, கிளாவர் ஐந்து. அது விழுவதற்கும் கோடை மழைக் காற்றுக்குக் கரண்ட் போவதற்கும் சரியாக இருந்தது. “யாரும் சீட்டுலேர்ந்து கைய எடுக்காதீங்க!” என்று ஏழு குரலும் ஒன்றாகக் கத்தின. பக்கத்துத் தோப்பிலிருந்து பெங்களூரா மாங்காய் ஒன்று தகரத்தில் விழுந்து உருண்டது. செல்போன் டார்ச் ஒன்று எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் பார்த்தேன். மாமா தன் இரண்டு சீட்டின் ஓரத்தையும் தூக்கி மறுபடி பார்த்தார். 200 வைத்தார்.

வீடியோக்களில் படித்த பாடம் இது. ஒரே ரகத்தில் மூன்றாவது சீட்டு விழுந்ததும் எதிராளி தன் சீட்டைத் திரும்பப் பார்த்தால், பெரும்பாலும் அவரிடம் ப்ளஷ் (ஒரே ரகத்தில் ஐந்து சீட்டு) இல்லை. இரண்டுமே கிளாவராக இருந்தால் ஞாபகம் இருக்குமே. வேறு வேறு ரகம் என்றால்தான் எது கிளாவர் என்ற சந்தேகம் வரும். நெஞ்சு அடித்துக்கொண்டது. மிச்சமிருந்த 840ஐயும், புளியங்கொட்டையோடு சேர்த்து, நடுவில் தள்ளினேன்.

மாமா யோசிக்கவே இல்லை. கிளாவர் ஏஸ், கிளாவர் ஒன்பது.

ப்ளஷேதான். இனி அதை மிஞ்ச பொதுச் சீட்டில் ஒரு ஜோடி விழ வேண்டும், இல்லை கடைசி எட்டு வர வேண்டும். தெரியாத 44 சீட்டில் எனக்கு உதவுவது பத்து. நூற்றுக்கு 23 கூட இல்லை. 200ஐக் கால் போட்டால் கட்டுப்படியாகவே நூற்றுக்கு 28 வாய்ப்பு வேண்டியிருந்த இடத்தில் மொத்தத்தையும் தள்ளியிருக்கிறேன். ரிவர், கடைசிப் பொதுச் சீட்டு, விழுந்தது. கறுப்பு மூன்று. கிளாவரா இஸ்பேடா என்று குனிந்தார்கள், எதுவானால் என்ன, மூன்று மூன்றுதானே! மூன்று எட்டும் ஒரு ஜோடியும் சேர்ந்து புல் ஹவுஸ், ப்ளஷைவிடப் பெரிது. 2,005 ரூபாய் என் பக்கம் வந்தது.

“ஏன் மாமா மறுபடி பாத்தீங்க?” என்று கேட்டேவிட்டேன்.

“கண்ணு தெரியல மாப்ள. டார்ச்சுல கிளாவரும் இஸ்பேடும் ஒண்ணா இருக்கு” என்றார். கொட்டகையே சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே நோட்டில் எழுதினேன்: ‘ஜெயித்தது அதிர்ஷ்டம். படித்தது தப்பு. கண்ணாடி இல்லாதவரிடம் இந்த ஜாடை செல்லாது.’

கரண்ட் இரண்டு மணிக்கு வந்தது. அதன்பிறகு சொல்லும்படி ஒன்றுமில்லை, ஜெயித்ததில் கொஞ்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு 870 லாபத்தோடு எழுந்தேன். பதினோரு ராத்திரிக் கணக்கு இப்போது 440 நஷ்டம்.

ஐந்து மணிக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீக்கடையில் நின்றோம். டீக்காசை மாமாதான் கொடுத்தார். பேப்பர் கட்டு அப்போதுதான் பிரித்திருந்தார்கள். ஒன்றை எடுத்து உதறினார். சட்டைப் பையில் கைவிட்டு, கறுப்புக் கூட்டிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, பொடி எழுத்தில் இருந்த காய்கறி விலையைச் சரளமாகப் படிக்க ஆரம்பித்தார்.

நான் பையிலிருந்து நோட்டை எடுத்தேன்.

“என்ன மாப்ள எழுதுற?” என்றார், பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.