'செயின்ட் கில்டா வாசிகள்' என்று மட்டும் எழுதியிருந்தது

ஸ்காட்லாந்தில் ஓர் ஆவணக் காப்பகத்தில் பழைய புகைப்படங்களுக்கு விவரக்குறிப்பு எழுதுவது என் வேலை. கண்ணாடி நெகடிவை விளிம்பில் மட்டும் பிடித்து லைட் பாக்ஸில் வைக்க வேண்டும். ஸ்கேன் செய்து, படத்தில் இருப்பது யார், எந்த இடம், எந்த வருஷம் என்று பதிய வேண்டும். செயின்ட் கில்டா படங்கள் மேஜைக்கு வந்த பிறகுதான் அந்த 'யார்' என்ற கட்டம் என்னைப் பிடித்து உலுக்கியது.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பால் இருக்கும் வெளி ஹெப்ரிடீஸ் தீவுகளுக்கும் மேற்கே, திறந்த அட்லாண்டிக்கில் இருக்கும் தீவுக்கூட்டம் அது. ஹிர்ட்டா என்ற தீவில் மட்டும் ஓர் ஊர் இருந்தது. செங்குத்தான பாறைகளில் கயிறு கட்டி இறங்கி கடற்பறவை பிடித்தார்கள், ஆடு வளர்த்தார்கள், கம்பளி நெய்தார்கள். ஆட்கள் குறைந்துகொண்டே போனதால் மிஞ்சியவர்கள் தாங்களே அரசாங்கத்துக்கு மனு எழுதினார்கள். 1930 ஆகஸ்ட் 29 அன்று 36 பேரும் கப்பலேறினார்கள். அங்கே பிறந்தவர்களில் கடைசியாக இருந்த ரேச்சல் ஜான்சன் 2016ல் காலமானார். இனி நேரில் படத்தைக் காட்டி 'இது யார்?' என்று கேட்க அந்த மண்ணில் பிறந்தவர் ஒருவரும் இல்லை.

1830களில் பழைய ஊரைக் கலைத்துவிட்டு, வளைந்து போகும் ஒரே தெருவாகக் கட்டினார்கள். அதற்கு முந்தைய ஊர் எப்படி இருந்தது என்பதைக் காட்டுவது 1812ல் அங்கே போன சர் தாமஸ் டைக் அக்லண்ட் வரைந்த ஓவியம். (மெல்போர்னில் செயின்ட் கில்டா கடற்கரை இருக்கிறதே, அந்தப் பெயரும் ஒரு காலத்தில் அக்லண்டிடம் இருந்த கப்பல் வழியாகப் போனதுதான்.) 1860ல் கடற்படை அளவையாளர் கேப்டன் தாமஸ் எடுத்தவைதான், நமக்குத் தெரிந்து, தீவின் முதல் புகைப்படங்கள்.

ஆனால் உலகம் அறிந்த படம் 1886ல் அபர்தீனின் ஜார்ஜ் வாஷிங்டன் வில்சன் கம்பெனி எடுத்தது. தெருவில் வரிசையாக நிற்கும் தாடிக்கார ஆண்கள். காலையில் கூடி அன்றைக்கு என்ன வேலை என்று பேசி முடிவெடுப்பது அவர்கள் வழக்கம். வெளியாட்கள் அதற்கு 'பாராளுமன்றம்' என்று பெயர் வைத்தார்கள், படமும் அந்தத் தலைப்பிலேயே விற்றது.

அந்தப் படத்தைப் பார்ப்பவர்கள் எல்லோரும் 'எவ்வளவு கடுமையான முகங்கள்' என்பார்கள். அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் நீல ஒளியைத்தான் நன்றாக வாங்கும், சிவப்பு அதில் ஏறாது. அதனால் வானம் வெளுத்துப்போகும், நீலக் கண்கள் ஏறக்குறைய வெள்ளையாகத் தெரியும். வெயிலிலும் காற்றிலும் சிவந்த கன்னம் கருத்துவிடும். பெரிதாக்கிப் பார்க்கும்போது கறுப்பாகத் தெரியும் முகத்துக்குள் சிரிப்பை அடக்குகிற உதடு தென்படும். அந்தக் கடுமையில் பாதி தகட்டினுடையது என்று விவரக்குறிப்பில் ஒரு வரி சேர்க்காமல் நான் விடுவதில்லை.

பெண்களின் படங்களில் துணிதான் எனக்குத் துணை. கல்யாணமானவர்கள் தலைத்துணியின் முன்பக்கம் வெள்ளைச் சுருக்கு வைத்துக்கொள்வார்கள். அது இருக்கிறதா இல்லையா என்று பார்த்தால், திருமணப் பதிவேட்டோடு ஒப்பிட்டு யாராக இருக்கலாம் என்று கொஞ்சம் நெருங்கிவிடலாம். சால்வையைக் குத்தியிருக்கும் ஊசி, பழைய செப்புக் காசைத் தட்டிச் செய்தது. அதைப் பார்த்த நாளெல்லாம் எனக்கு வேலை ஓடாது.

மொத்தத் தீவுக்கும் கில்லீஸ், மெக்டோனால்ட், ஃபெர்குசன், மெக்கின்னன், மெக்குயின் என்று ஒரு கைவிரலில் அடங்கும் குடும்பப் பெயர்கள். முன்பெயரும் திரும்பத் திரும்ப அதே தான். தங்களுக்குள் அப்பா பெயரையும் தாத்தா பெயரையும் சேர்த்துத்தான் ஆளைக் குறித்துக்கொண்டார்கள். நம் ஊர் இனிஷியல் மாதிரி. படம் எடுத்தவர்கள் இதையெல்லாம் கேட்டு எழுதிக்கொள்ளவில்லை. கம்பெனிக்கு வேண்டியது படத்துக்கு ஓர் எண்ணும் விற்கிற தலைப்பும்தான். 'செயின்ட் கில்டா வாசிகள்', அவ்வளவுதான். இது எனக்கு இன்னும் ஆறவில்லை. 1877க்குப் பிறகு நீராவிக் கப்பல்களில் சுற்றுலாக்காரர்கள் வந்து இறங்கியபோது, படம் எடுக்கக் காசு கேட்டார்கள் என்று தீவுக்காரர்களைப் பேராசைக்காரர்களாக எழுதியவர்கள் உண்டு. தன் முகம் கடையில் விற்பனைக்குப் போவது தெரிந்தவர் கூலி கேட்டால் அதில் என்ன தவறு?

பழைய தலைப்பை நான் அழிப்பதில்லை, அதுவும் சரித்திரம்தான். அதற்குக் கீழே பெயர்களைச் சேர்க்கிறேன். யார் அடையாளம் காட்டினார்கள், எந்தத் தேதியில், எதை வைத்து என்பதும் கூடவே இருக்கும். சில சமயம் ஒரே முகத்தை இரண்டு குடும்பங்கள் தங்கள் பாட்டனார் என்று சொல்லும். இரண்டையும் எழுதிவைக்கிறேன். உறுதியாகும் வரை காலியாக விடலாமே என்பார் உடன் வேலை செய்பவர். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலியாக விட்டால், நாளைக்குத் தேடி வரும் பேத்திக்குக் கிடைப்பது கம்பெனி வைத்த தலைப்பு மட்டும்தான்.