டப்பாவை எண்ணிய பிறகு வாங்கிய ஸ்கேனர்

பெரியப்பாவின் வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறங்கிய மூன்று பிஸ்கட் தகர டப்பாக்களை யாரும் கேட்கவில்லை. ஆகவே நான் எடுத்து வந்தேன். முதல் டப்பாவில், அவர் கப்பலில் வேலை பார்த்த நாட்களில் எடுத்த 35 மி.மீ. ஸ்லைடுகள், அட்டைச் சட்டங்களோடு அடுக்கப்பட்டிருந்தன. இரண்டாவதில், 35 மி.மீ.யைவிட அகலமான 120 என்ற வகை ரோலில் எடுத்த கறுப்பு வெள்ளை நெகட்டிவ்கள், பட்டர் பேப்பர் உறைகளில். மூன்றாவதில் தொண்ணூறுகளின் கலர் நெகட்டிவ்கள், உருகிப் பசையாகிப்போன ரப்பர் பேண்டுகளோடு. அன்றிரவே கணினி முன் உட்கார்ந்து, இவற்றைக் கணினியில் ஏற்ற எந்த ஸ்கேனர் அதிக டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகள் என்ற கணக்கு) தருகிறது என்று தேடத் தொடங்கினேன். இரண்டு வாரம் அப்படியே போயிற்று. முதலில் பார்த்திருக்க வேண்டியது டப்பாக்களுக்குள் என்ன இருக்கிறது, எத்தனை இருக்கிறது என்பதைத்தான்.

எண்ணிப் பார்த்தபோது ஸ்லைடுகள் 640, கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களில் 212 பிரேம்கள், கலர் நெகட்டிவ்களில் ஏறத்தாழ 900 பிரேம்கள் தேறின. ஒரு ஸ்லைடைத் தூசி தட்டி, ஸ்கேனரில் வைத்து, முன்னோட்டம் பார்த்து, ஸ்கேன் செய்து, பெயரிட்டுச் சேமிக்க நான்கு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஸ்லைடுகளுக்கு மட்டும் நாற்பத்து மூன்று மணி நேரம் ஆகிறது. வேலைக்குப் போய்வரும் ஒருவருக்கு அது ஓர் ஆண்டின் ஞாயிற்றுக்கிழமைக் காலைகள். இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் ஸ்கேனர் வாங்குகிறவர்கள், முதல் நூறு படங்களுக்குப் பிறகு இயந்திரத்தைத் துணி போட்டு மூடிவிடுவார்கள் என்பது என் கணிப்பு.

டிபிஐ என்ற எண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் எண், அந்த இயந்திரத்தின் மோட்டார் எவ்வளவு நுண்ணிய அடியெடுத்து நகர்கிறது, சென்சார் எத்தனை முறை மாதிரி எடுக்கிறது என்பதைக் காட்டுகிறதே தவிர, உள்ளே இருக்கும் லென்ஸ் எவ்வளவு நுணுக்கத்தைப் பிரித்துக் காட்டுகிறது என்பதைக் காட்டுவதில்லை. 7200 டிபிஐ என்று விற்கப்படும் பிளஸ்டெக் ஆப்டிக்பிலிம் வகை ஸ்கேனர்களைக் கோடுகள் பொறித்த சோதனைத் தகட்டை வைத்துச் சோதித்தவர்கள், அதில் ஏறத்தாழ பாதியைத்தான் உண்மையான அளவாகக் கண்டிருக்கிறார்கள். 6400 என்று விற்கப்படும் எப்சன் வி600 தட்டை ஸ்கேனரில் அது கால் பங்கு அளவுக்கு இறங்கிவிடுகிறது. கூடுதல் எண்ணில் ஸ்கேன் செய்தால் கோப்பு பெரிதாகும், படம் தெளியாது. 35 மி.மீ. பிரேம் ஒன்றை 7200-ல் எடுத்தால் ஏறத்தாழ 69 மெகாபிக்சல் வரும். நிறத்துக்கு 16 பிட் வைத்துச் சேமித்தால் ஒரு படமே 400 எம்.பி.யைத் தாண்டும். அதையே 3600-ல் எடுத்தால் 17 மெகாபிக்சல், நூறு எம்.பி. சொச்சம். இரண்டையும் திரையில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அட்டைச் சட்டத்தின் ஓரத்து நார்கூட ஒன்றில் அதிகமாகத் தெரியவில்லை.

அதற்காகத் தட்டை ஸ்கேனரை யாரும் ஏளனம் செய்ய வேண்டியதில்லை. அதன் உண்மையான திறன் 1500 டிபிஐ என்றே கொள்வோம். 36க்கு 24 மி.மீ. பிரேமில் அது ஏறத்தாழ 3 மெகாபிக்சல் தருகிறது. கைப்பேசியில் பார்க்கலாம், சுவரில் மாட்ட முடியாது. அதே ஸ்கேனரில் 120 ரோலின் சதுர நெகட்டிவை வைத்தால், ஒவ்வொரு பக்கமும் 56 மி.மீ. இருப்பதால், ஏறத்தாழ 11 மெகாபிக்சல் கிடைக்கிறது. பத்தங்குலச் சதுரத்துக்குத் தாராளமாக அச்சிடலாம். இயந்திரம் ஒன்றுதான், நாம் உள்ளே வைக்கும் பிலிமின் அளவு அதை நல்லதாகவோ மட்டமாகவோ ஆக்குகிறது. 35 மி.மீ.க்கென்றே செய்யப்பட்ட பிளஸ்டெக்கில் 120 நெகட்டிவ் நுழையவே நுழையாது என்பதையும், அதை வாங்கும் அவசரத்தில் மறந்துவிடக் கூடாது.

நிக்கான் கூல்ஸ்கேன் மீது எனக்கும் ஆசை இருந்தது. 4000 டிபிஐ என்று சொல்லி, அதைக் கிட்டத்தட்ட முழுமையாகவே தந்த இயந்திரம் அது. தானாகக் குவியம் பார்க்கும். 5000 மாடலில் ஐம்பது ஸ்லைடுகளை அடுக்கிவிட்டு வேறு வேலை பார்க்கப் போகலாம். ஆனால் நிக்கான் அவற்றைத் தயாரிப்பதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று கிடைப்பவை எல்லாம் பிறர் கைபட்டவை. உள்ளிருக்கும் கண்ணாடியில் தூசி படிந்திருந்தால் வெளிச்சமான இடங்களைச் சுற்றி மூட்டம் போலப் படரும். நிக்கானின் மென்பொருள் புதிய விண்டோஸில் முறையாக ஓடாததால் வியூஸ்கேன் போன்ற வேறு மென்பொருளை நாட வேண்டும். பழுது பார்க்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் வாங்கலாம். எனக்கு அப்படி ஒருவர் இல்லை.

சின்னத் திரையோடு, கணினியே வேண்டாம் என்று விற்கப்படும் கைக்கடக்கமான பெட்டிகளைப் பற்றி ஒரு வரி போதும்: அவற்றுக்குள் இருப்பது சாதாரணக் கேமரா சென்சார், வெளிச்சத்தைத் தானே முடிவு செய்துகொண்டு, ஜேபெக் ஆக மட்டுமே தருவதால், இருண்ட ஸ்லைடின் நிழல்களைப் பிறகு மீட்க முடியாது.

ஆக, ஸ்லைடுகளுக்குத் தூசியை நீக்க உதவும் அகச்சிவப்பு வசதியுள்ள பிளஸ்டெக் 8200i, 120க்குப் பழைய எப்சன் தட்டை ஸ்கேனர், கலர் நெகட்டிவ்களுக்கு என்னிடம் ஏற்கெனவே இருந்த டிஜிட்டல் கேமரா என்று மூன்று வழிகளாகப் பிரித்துக்கொண்டேன்.

இதற்கு நடுவே, சோம்பல்பட்டு, பத்து ஸ்லைடுகளை மட்டும் சோதனையாக ஒரு கடையில் கொடுத்துப் பார்த்ததையும் ஒப்புக்கொள்கிறேன். வந்த படங்களில் துறைமுகத்துப் பெயர்ப்பலகைகள் எல்லாம் வலமிடமாகத் திரும்பியிருந்தன. பிலிமுக்கு இரண்டு பக்கம் உண்டு: அடித்தளப் பக்கம் பளபளவென்றிருக்கும், படம் பதிந்திருக்கும் எமல்ஷன் பக்கம் மங்கலாக இருக்கும். பளபளப்பான பக்கத்திலிருந்து பார்த்தால்தான் காட்சியும் ஓரத்து எழுத்தும் நேராகத் தெரியும். பெரியப்பாவின் கோடாக்ரோம் ஸ்லைடுகளில் இதைக் கண்டுபிடிப்பது மிக எளிது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால், எமல்ஷன் பக்கத்தில் கப்பலின் உருவம் செதுக்கியதுபோல மேடுபள்ளமாகத் தெரிகிறது. முதல்முறை அதைப் பார்த்தபோது வேலையை விட்டுவிட்டுப் பத்து ஸ்லைடுகளை அப்படியே சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கோடாக்ரோம் 1935-ல் வந்து 2009-ல் நிறுத்தப்பட்ட பிலிம். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில், பார்சன்ஸ் என்ற ஊரிலிருந்த டுவெய்ன்ஸ் போட்டோ கடைசியாக அதைக் கழுவித் தந்தது; 2010 டிசம்பர் 30க்குப் பிறகு அங்கும் வாங்கிக்கொள்ளவில்லை. இருட்டில் வைத்தால் அதன் நிறம் அவ்வளவு எளிதில் மங்காது. அதே டப்பாவில் இருந்த வேறு சில ஸ்லைடுகள் செம்மண்ணில் தோய்த்ததுபோல ஆகிவிட்டிருக்க, கோடாக்ரோமில் கடல் இன்னும் நீலமாகவே இருந்தது. ஸ்கேனரில் அது சற்று அதிகமாகவே நீலமாகும். அதற்கென்று மென்பொருளில் இருக்கும் தனித் தேர்வைப் போட்டால் சரியாகிவிடுகிறது.

தூசியை நீக்க ஸ்கேனர்கள் செய்யும் தந்திரம் எனக்கு மிகவும் பிடித்தது. கலர் பிலிமைக் கழுவும்போது வெள்ளி முழுவதும் வெளியேற்றப்பட்டு, சாயம் மட்டும் மிஞ்சுகிறது. சாயத்தின் வழியே அகச்சிவப்பு ஒளி தடையின்றிப் போய்விடும். தூசியும் கீறலும் அதை மறிக்கும். ஆகவே சாதாரண ஒளியில் ஒருமுறையும் அகச்சிவப்பில் ஒருமுறையும் ஸ்கேன் செய்தால், இரண்டாவது படத்தில் அழுக்கு மட்டும் கறுப்பாகத் தெரியும். அந்த இடங்களை மென்பொருள் அக்கம்பக்கத்தைப் பார்த்து நிரப்பிவிடும். கறுப்பு வெள்ளை பிலிமில் படமே வெள்ளித் துகள்களால் ஆனது. வெள்ளியும் அகச்சிவப்பை மறிக்கும். அதனால் படத்தையே அழுக்கென்று எண்ணி மென்பொருள் துடைக்கப் பார்க்கும். இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன்தான் நான். இருந்தும் ஓர் இரவு அந்தத் தூசி நீக்கும் தேர்வை அணைக்க மறந்து, பன்னிரண்டு கறுப்பு வெள்ளை நெகட்டிவ்களை ஓட்டிவிட்டேன். பாட்டியின் முகச் சுருக்கங்கள் மெழுகு பூசியதுபோல வழவழவென்று ஆகியிருந்தன, மூக்குத்தி காணாமற்போயிருந்தது. கோடாக்ரோமும் இந்த விஷயத்தில் அரைகுறைதான். அதன் இருண்ட பகுதிகள் அகச்சிவப்பை ஓரளவு மறிப்பதால், கயிறு, கம்பி போன்ற மெல்லிய பொருள்களின் ஓரங்கள் கடித்ததுபோல ஆகின்றன. அவற்றுக்கு ரப்பர் பந்தால் ஊதுவதும், மென்மையான தூரிகையும், பிறகு திரையில் ஒவ்வொரு புள்ளியாகத் தொட்டு நீக்கும் பொறுமையுமே வழி.

என்னால் திருத்த முடியாத தவறு ஒன்றையும் செய்தேன். 120 நெகட்டிவ்களில் சிலவற்றில் பூஞ்சை படர்ந்திருந்தது. கடலோர ஊரின் ஈரத்தில் ஜெலட்டினைத் தின்று வளரும் அது, வெளிச்சத்தில் பார்த்தால் சிலந்தி வலையைப் போல நரம்பு நரம்பாகத் தெரியும். பிலிமைத் தண்ணீரில்தானே கழுவுகிறார்கள் என்று எண்ணி, ஒரு பட்டையை வெதுவெதுப்பான நீரில் போட்டேன். இரண்டு நிமிடத்தில் நீரில் சாம்பல் நிறத்தில் ஏதோ மிதந்தது. பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரையும் தன்மையைப் பெற்றுவிடுகிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். மூன்று பிரேம்கள் கொண்ட அந்தப் பட்டையில் இரண்டு, வெறும் கண்ணாடிபோல ஆகிவிட்டன. அவற்றில் யார் இருந்தார்கள் என்று சொல்ல இப்போது எவரும் இல்லை. பூஞ்சை பிடித்த பிலிமின் மேல் தண்ணீரைக் காட்டாதீர்கள். உள்ளது உள்ளபடி ஸ்கேன் செய்துவிட்டு, அதன்பின் சுத்தம் செய்வதா வேண்டாமா என்று யோசியுங்கள். டப்பாவைத் திறந்ததும் புளித்த காடி வாடை வந்தால், அசிட்டேட் அடித்தளமே சிதையத் தொடங்கிவிட்டது என்று பொருள். அவற்றைத் தனியே எடுத்து வைத்து, மற்றெல்லாவற்றுக்கும் முன்னால் ஸ்கேன் செய்ய வேண்டும்.

கலர் நெகட்டிவ்களுக்குக் கேமரா வழி நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்தது. ஒன்றுக்கு ஒன்று அளவில் படமெடுக்கும் மேக்ரோ லென்ஸ், கேமராவைக் கீழ்நோக்கிப் பிடிக்கும் தாங்கி, சி.ஆர்.ஐ. (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்ற அளவு) 95க்கு மேற்பட்ட ஒளிப்பலகை, பிலிமைத் தட்டையாகப் பிடிக்கும் சட்டம், இவ்வளவுதான் கருவிகள். கைப்பேசித் திரையை ஒளிப்பலகையாக வைத்தவர்களின் படங்களில் திரையின் புள்ளிக்கட்டங்களும் சேர்ந்தே பதிவதைப் பார்த்திருக்கிறேன். கேமராவும் பிலிமும் இம்மி பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். பிலிம் வைக்கும் இடத்தில் ஒரு சிறு கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் பிரேமின் நட்டநடுவில் விழும்வரை தாங்கியைச் சரிசெய்தால் போதும். எஃப்/8, குறைந்த ஐஎஸ்ஓ, தொடாமலே சொடுக்க டைமர், சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பு. ஒரு ரோல் முடிய பத்து நிமிடம். அகச்சிவப்பு உதவி கிடையாது என்பதால் தூசியை முன்கூட்டியே ஊதித் தள்ள வேண்டும். அது ஒன்றுதான் குறை.

நேரம் பிடிப்பது அதற்குப் பிறகு வரும் நிறமாற்றம். கலர் நெகட்டிவின் ஆரஞ்சு நிறம் அழுக்கு அல்ல; சாயங்களின் குறையை ஈடுகட்டவே வைக்கப்பட்டது. படத்தின் நிறங்களை அப்படியே தலைகீழாக்கினால் எல்லாம் நீலப்பச்சையாக வரும். முதலில், படம் பதியாத ஓரத்து ஆரஞ்சுப் பட்டையில் ஒயிட் பேலன்ஸ் எடுத்து, பிறகு சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே விரித்துச் சரிசெய்ய வேண்டும். நெகட்டிவ் லேப் ப்ரோ போன்ற மென்பொருள் இதைச் செய்துவிடுகிறது. ஆனாலும் குழல்விளக்கு வெளிச்சத்தில் எடுத்த கல்யாண வீட்டுப் படங்களில் அதை நம்பி விட்டுவிடாமல், வேட்டியின் வெள்ளையைப் பார்த்து நானே ஒருமுறை சரிசெய்கிறேன்.

120 நெகட்டிவ்களைக் கடைசியில்தான் எடுத்தேன். அவை இருந்த டப்பாவில் ‘இந்து’ பிலிமின் காலி அட்டைப்பெட்டிகள் இரண்டு கிடந்தன. உதகமண்டலத்தில் 1967 முதல் உற்பத்தியைத் தொடங்கி, பின்னாளில் மூடப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையின் சரக்கு. பெரியப்பா தன் இரட்டை லென்ஸ் யாஷிகாவில் எடுத்த சதுரப் படங்கள் அவை. அவற்றின் பிரிண்டுகள் எங்கள் ஆல்பத்தில் உண்டு; எல்லாம் நெகட்டிவ் அளவிலேயே போட்ட சின்னப் பிரிண்டுகள். அத்தையின் நிச்சயதார்த்தப் படமும் அதில் இருக்கிறது. அது 1972-ல் என்று அப்பாவும், 1974-ல் என்று அத்தையும் வெகுநாளாகச் சாதித்து வந்தார்கள். அத்தையே சொல்கிறார் என்பதால் நான் கோப்புக்கு 1974 என்று பெயரிட்டிருந்தேன். பிலிமின் வளைவு நீங்க ஒரு வாரம் புத்தகத்துக்கு அடியில் வைத்திருந்து, மங்கலான பக்கம் கண்ணாடியைப் பார்க்குமாறு வைத்து, 2400-ல் எடுத்தேன். பளபளப்பான பக்கம் கண்ணாடியைத் தொட்டால் எண்ணெய் சிந்திய தண்ணீர்போல வளையங்கள் விழும் என்பதால் அப்படி வைப்பது. திரும்பி வரும் படத்தை மென்பொருளில் நேராக்கிக்கொள்ளலாம்.

திரையில் பெரிதாக்கியபோது, தாத்தாவின் தலைக்கு மேலே தூணில் தினசரி நாள்காட்டி தொங்கிக்கொண்டிருந்தது. 15 என்ற பெரிய எண், மேலே ஜூலை, கீழே சற்று மங்கலாக ஞாயிறு. ஜூலை 15 ஞாயிற்றுக்கிழமையில் வந்தது 1973-ல். இருவர் சொன்னதும் தவறு. அத்தைக்குத் தொலைபேசியில் சொன்னதும், "ஆமாண்டா, ஆனி முடியறதுக்குள்ள நடத்தியாகணும்னு உங்க தாத்தா ஒத்தக் கால்ல நின்னாரு" என்றார். ஆண்டைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கோப்பின் பெயரை மாற்றிவிட்டு, அடுத்த பட்டையை எடுத்து வைத்தேன்.