பாலத்துக்கு மண் பார்த்தோம்: மணல் திரவமாகுமா என்று மதிப்பிட்ட அனுபவம்

ஆற்றங்கரையில் வரவிருந்த ஒரு பாலத்துக்கு, நிலநடுக்கம் வந்தால் அடியிலுள்ள மணல் திரவமாகிவிடுமா என்று மதிப்பிடும் வேலையில் இருந்தேன். 1964இல் ஜப்பானின் நீகாட்டாவில் அடுக்குமாடிக் கட்டடங்கள் உடையாமல் முழுசாகச் சாய்ந்தது இதனால்தான். தண்ணீர் ஊறிய தளர்வான மணல் குலுங்கும்போது துகள்கள் நெருங்கப் பார்க்கும், நடுவிலுள்ள தண்ணீர் வெளியேற நேரம் இருக்காது, அழுத்தம் ஏறி ஏறி ஒரு கட்டத்தில் மேலிருக்கும் பாரத்தை மணலுக்குப் பதில் தண்ணீரே தாங்கும்.

கணக்குக்கு 1971இல் சீட், இத்ரிஸ் என்ற இரண்டு மண் பொறியாளர்கள் கொடுத்த முறையின் இன்றைய வடிவம்தான். ஆனால் கணக்கு சரியாக வருவதெல்லாம் துளை போடும் இடத்தில்தான் இருக்கிறது, அங்கே கட்டாயம் நீங்களே போய் நில்லுங்கள். மண் எவ்வளவு கெட்டி என்று துளைக்குள் அடித்துப் பார்க்கும் எஸ்பிடி சோதனையில் 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு, குழாய் கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். துளைக்குள் இறக்கிய கம்பியை வெளியே இழுக்கும்போது துளைக்குள் தண்ணீர் இறங்கிவிட்டால் அடியிலிருந்து மணல் பொங்கி மேலே வரும், கெட்டியான மணல்கூடத் தளர்வானதுபோல் குறைந்த எண் காட்டும். அதனால் துளையில் தண்ணீர் எப்போதும் நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்க வேண்டும் என்று சொல்லி, ஒவ்வொரு முறையும் நாடாவை இறக்கி அளந்த பிறகுதான் அடிக்கவிட்டோம். சுத்தியலின் ஆற்றலில் எவ்வளவு குழாய்க்குப் போய்ச் சேருகிறது என்றும் அளந்து, அடி எண்ணிக்கையை 60 சதவீத ஆற்றலுக்குரியதாகத் திருத்தினோம்.

அப்புறம் நீர்மட்டம். துளை போட்டது வறண்ட காலத்தில், தண்ணீர் 4 மீட்டரில் இருந்தது. 6 மீட்டர் ஆழத்தில் மொத்த அழுத்தத்துக்கும், அதில் தண்ணீரின் பங்கைக் கழித்து மணல் துகள்கள் தாங்கும் நிகர அழுத்தத்துக்கும் உள்ள விகிதம் அப்போது சுமார் 1.2. வெள்ளக் காலத்தில் தண்ணீர் 1 மீட்டருக்கு ஏறினால் அதுவே 1.7ஐத் தாண்டும், கணக்கில் நிலநடுக்கத்தால் மணல் மேல் விழும் சுமையும் கிட்டத்தட்ட அதே விகிதத்தில் கூடும். நிலநடுக்கம் பருவம் பார்த்தா வரும்? உயர்ந்த மட்டத்தை வைத்தே கணக்குப் போடச் சொல்லிப் பிடிவாதமாக நின்றேன்.

நடுவிலிருந்த மணல் அடுக்கில் பாதுகாப்புக் காரணி, அதாவது மணலின் எதிர்ப்பை அந்தச் சுமையால் வகுத்த எண், 1க்குக் கீழே வந்தது; திரவமாகும் என்று அர்த்தம். பாலத்தைத் தாங்க மண்ணுக்குள் இறக்கும் தூணான பைலை அதற்கும் கீழே கெட்டி அடுக்கு வரை இறக்கினால் போதும் என்று சிலர் சொன்னார்கள், எனக்கு அது போதவில்லை. கரையோரத்தில் திரவமான மணல் ஆற்றை நோக்கி நகரும், பைலைப் பக்கவாட்டில் தள்ளும், பாதுகாப்புக் காரணி எண்ணில் அது தெரியாது. நகர்வைத் தனியாகக் கணக்கிட்டுக் காட்டிய பிறகு, பாலத்தின் முனை கரையில் உட்காரும் கரைத் தாங்கிக்குப் பின்னால் ஜல்லியை நிரப்பி இறுக்கும் கல் தூண்கள் இறக்கி மணலை இறுக்க ஒப்புக்கொண்டார்கள். பைலின் நீளத்தையும் விட்டத்தையும் அதற்கப்புறம்தான் முடிவு செய்தோம்.