பிஎம்டபிள்யூ ஈ30: 188 மி.மீ. எல்எஸ்டியை வீட்டிலேயே பிரித்துப் பூட்டுவது

ஈ30 தலைமுறையில் 325ஐ, எம்3 ஆகிய இரண்டு மாடல்களும் ஒரே அளவு டிஃப் பெட்டியைப் பகிர்ந்துகொள்கின்றன. டிஃப் என்பது டிஃபரன்ஷியல்: பின்சக்கரங்கள் இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கரத் தொகுதி. 188 மி.மீ. என்பது உள்ளே இருக்கும் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலின் விட்டம். எம்3 எல்லாவற்றிலும் எல்எஸ்டி (லிமிடெட் ஸ்லிப் டிஃப், ஒரு சக்கரம் மட்டும் வழுக்கிச் சுற்றுவதைக் கட்டுப்படுத்துவது) உண்டு; 325ஐயில் பல நாடுகளில் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இசட்எஃப் நிறுவனம் தயாரித்த, 25 சதவீத லாக் (இரு சக்கரங்களையும் பிணைக்கும் அளவு) கொண்ட இந்த எல்எஸ்டி உராய்வுத் தட்டுகளால் வேலை செய்வது. தட்டு தேயும் பொருள். முப்பது வருஷத்துக்கு மேல் ஓடிய வண்டியில், பின்மூடியில் எல்எஸ்டி என்று காட்டும் ‘எஸ்’ எழுத்து போட்ட தகடு தொங்கினாலும், உள்ளே இருப்பது பெரும்பாலும் சாதாரண டிஃப் போலத்தான் நடந்துகொள்ளும். அந்தத் தகடு ஒரே ஒரு மூடி போல்ட்டில் மாட்டியிருப்பது. யாரும் கழற்றி வேறு பெட்டியில் மாட்டலாம். தகட்டை நம்பிப் பழைய பெட்டி வாங்காதீர்கள்.

சோதிக்கும் வழி எளிது. ஒரு பின்சக்கரத்தை மட்டும் தூக்கி, மற்றதைத் தரையில் விட்டு, முன்சக்கரங்களுக்கு அடைகல் வையுங்கள். கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக் விடுவித்த நிலை. தூக்கிய சக்கரத்தின் நடுவில் உள்ள ஆக்சில் நட்டில் டார்க் ரென்ச்சை மாட்டி, இறுக்கும் திசையில் மெல்ல அழுத்துங்கள். சக்கரம் நகரத் தொடங்கும்போது காட்டும் எண்தான் பிரேக்அவே டார்க். 10 நியூட்டன் மீட்டருக்கே சக்கரம் சுற்றினால் தட்டுகள் போய்விட்டன. இரண்டு சக்கரத்தையும் தூக்கி, ஒன்றைச் சுற்றி, மற்றது அதே திசையில் சுற்றுகிறதா என்று பார்க்கும் சோதனையைப் பலர் சொல்வார்கள். கெட்டி ஆயிலின் இழுப்பே அந்த முடிவைத் தந்துவிடும் என்பதால் அதை நான் கணக்கில் எடுப்பதில்லை.

உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிந்தால்தான் பிறகு எதை அளப்பது என்பது புரியும். கிரவுன் வீல் பூட்டிய கூண்டின் நடுவே சின்ன பெவல் கியர்களைத் தாங்கும் குறுக்குத் தண்டுகள். அவற்றின் இருபக்கமும் ஒவ்வொரு பிரஷர் ரிங். ரிங்குகளில் தண்டு உட்காரும் இடம் சரிவாக வெட்டப்பட்டிருக்கும். முறுக்கு வந்ததும் தண்டு அந்தச் சரிவில் ஏறப் பார்க்கும். ரிங்குகள் வெளிப்பக்கம் விலகித் தட்டுகளை நசுக்கும். உராய்வுத் தட்டின் உள்வாய்ப் பற்கள், ஆக்சிலைச் சுற்றும் சைடு கியரோடு சுற்றும். எஃகுத் தட்டின் வெளிக் காதுகள் கூண்டைப் பிடித்திருக்கும். இரண்டும் நசுங்கினால் கியரும் கூண்டும் ஒன்றாகச் சுற்றியாக வேண்டும். முறுக்கே இல்லாத நேரத்திலும் கொஞ்சம் பிடி இருக்க, வெளி ஓரத்தில் குழிந்த தட்டு வடிவ பெல்வில் ஸ்பிரிங் அழுத்திக்கொண்டே இருக்கும். நீங்கள் ரென்ச்சில் பார்த்தது அந்த ஸ்பிரிங்கின் பிடியை மட்டும்தான்.

பெட்டியை இறக்குவதில் பெரிய வித்தை இல்லை. ஆயிலை வடிக்கும் முன் நிரப்பும் பிளக் திறக்கிறதா என்று பாருங்கள். வடித்துவிட்டு, மேல் பிளக் துருவேறித் திறக்காமல் போனால் வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். பின்மூடியில் ஸ்பீடோமீட்டருக்குச் செல்லும் பல்ஸ் சென்சார் இருக்கிறது. ஒயரை முதலில் பிடுங்கிவிடுங்கள். ஆக்சில்கள், புரொப்பெல்லர் ஷாஃப்ட் இரண்டும் ஃபிளாஞ்சில் எந்த நிலையில் இருந்தன என்று பெயின்ட் அடையாளம் வையுங்கள். பெட்டி முப்பது கிலோவைத் தாண்டும். டிரான்ஸ்மிஷன் ஜாக்கி இல்லாமல் நெஞ்சில் தாங்கி இறக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

மேஜைக்கு வந்ததும் கையை அடக்க வேண்டும். எதையும் அவிழ்க்கும் முன் பின்மூடியை மட்டும் எடுத்து, கிரவுன் வீலின் பல்லில் டயல் கேஜை வைத்து, பினியனை (கிரவுன் வீலைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம்) அசையாமல் பிடித்துக்கொண்டு பேக்லாஷை, அதாவது இரண்டின் பற்களுக்கு இடையே உள்ள ஆட்டத்தை, அளங்கள். சக்கரத்தைத் திருப்பி நாலு இடத்தில் அளந்து எழுதி வையுங்கள். பல்லில் மார்க்கிங் பேஸ்ட் தடவிச் சுற்றி, படியும் தடத்தையும் போட்டோ எடுங்கள். திரும்பப் பூட்டும்போது எட்ட வேண்டிய இலக்கு இதுதான். ஓடிப் பழகிய கிரவுனும் பினியனும் ஒன்றுக்கொன்று தேய்ந்து பொருந்தியவை. கையேட்டின் எண்ணை விட, சத்தமில்லாமல் ஓடிய இந்த ஜோடி தன் எண்ணைத் தானே சொல்லும்.

பிறகு அவுட்புட் ஃபிளாஞ்சுகளை இரண்டு நெம்புகோலால் எதிரெதிராக நெம்பி எடுங்கள். உள்ளே கம்பி வளையம் பிடித்திருக்கும், டப்பென்று வரும். அடுத்து பக்க மூடிகள். இந்த வேலையில் அதிகம் பேர் கெடுத்துக்கொள்ளும் இடம் இதுதான். ஒவ்வொரு மூடிக்கும் கீழே ஷிம் (இடைவெளியைச் சரிசெய்யும் மெல்லிய வளையம்) உண்டு. இரண்டு பக்க ஷிம்களின் மொத்தக் கனம் பேரிங்கின் முன்னழுத்தத்தை நிர்ணயிக்கிறது. அந்தக் கனம் இடது வலது எப்படிப் பிரிந்திருக்கிறது என்பது பேக்லாஷை நிர்ணயிக்கிறது. இடத்தையும் வலத்தையும் மாற்றிப் போட்டால் பேரிங் சரியாகவே இருக்கும். கிரவுன் வீல் மட்டும் பினியனை நெருக்கும் அல்லது விலகும். நெருங்கினால் ஊளைச் சத்தமும் சூடும். விலகினால் ஆக்சிலரேட்டரை விடும்போதெல்லாம் ‘டங்’. மூடி, ஷிம், ஓ-ரிங் மூன்றையும் சேர்த்துத் தனித்தனிப் பையில் போட்டு, பையின் மேல் இடதா வலதா என்று எழுதுங்கள். மைக்ரோமீட்டர் அளவையும் எழுதுங்கள். பினியன் நட்டைத் தொடவே வேண்டாம்.

கூண்டைச் சாய்த்துப் பின்வாய் வழியாக எடுத்து, கிரவுன் வீல் போல்ட்டுகளை அவிழ்க்க வேண்டும். திரெட் லாக் போட்டவை. ஹீட் கன் இல்லாமல் முரட்டுத்தனம் காட்டினால் தலை மழுங்கும். பல்ஸ் சென்சார் படிக்கும் பல்வளையம் கூண்டின் மேல் இருக்கும், அதன் மேல் சுத்தியல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கூண்டின் மூடியைத் திறக்கும்போது உள்ளே பெல்வில் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும். பிரஸ்ஸில் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூக்களைக் குறுக்குக்குறுக்காகத் தளர்த்துங்கள். பிரஷர் ரிங், தட்டு, ஸ்பிரிங் எல்லாவற்றையும் எடுத்த வரிசையிலேயே துணியில் அடுக்கி போட்டோ எடுங்கள்.

இனி அளப்பதுதான் வேலையே. உராய்வுத் தட்டின் பூச்சு சீரான சாம்பல் நிறத்தில் இருக்க வேண்டும். கண்ணாடி போல மின்னும் வெற்று எஃகு தெரிந்தால் அது குப்பைக்கு. எஃகுத் தட்டில் நீல நிறம் ஏறியிருந்தால் வெந்து போயிருக்கிறது. அதைக் கண்ணாடிப் பலகையில் வைத்து ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பாருங்கள், வளைந்தது மறுபடி ஆகாது. காதுகள் அடித்து அடித்துக் கூண்டின் பள்ளத்தில் படிக்கட்டு விழுந்திருந்தால் புதுத் தட்டு போட்டும் பயனில்லை. தட்டு அந்தப் படியில் மாட்டிக்கொண்டு விலகாது.

புது கிட் வாங்கும்போது தட்டின் எண்ணிக்கைதான் விளம்பரத்தில் பெரிதாக நிற்கும். உராயும் முகங்கள் கூடினால் லாக் கூடும், உண்மை. ஆனால் சரிவின் கோணமும் சம பங்கு வகிக்கிறது. தண்டு தரும் விசையைக் கோணத்தின் டேன்ஜென்டால் வகுத்தால் கிடைப்பது தட்டை நசுக்கும் விசை. 45 டிகிரியில் அது ஒரு மடங்கு. 30 டிகிரியில் 1.73 மடங்கு, 90 டிகிரியில் ஒன்றுமில்லை. ஆக்சிலரேட்டரில் 30, விடும்போது 90 என்று வெட்டிய ரிங் பந்தயக்காரர்களுக்குப் பிடிக்கக் காரணம் இதுதான்: வளைவுக்குள் நுழையும்போது டிஃப் குறுக்கே நிற்காது. சாலையில் ஓடும் 325ஐக்கு பழைய ரிங்கை வைத்துக்கொண்டு, ஒரு உராய்வுத் தட்டை மட்டும் கூட்டுவதே போதும் என்பது என் கட்சி. தட்டுகளின் மேல் ஸ்பிரிங் தரும் முன்னழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போனால் மழையில் முன்பக்கம் திரும்ப மறுக்கும், பார்க்கிங்கில் டயர் கீச்சிடும்.

ஒவ்வொரு பக்க அடுக்கையும் தனியாக மைக்ரோமீட்டரில் அளங்கள். இரண்டு பக்கமும் 0.05 மி.மீ.க்குள் பொருந்த வேண்டும், இல்லையென்றால் நடுத் தண்டு நடுவில் உட்காராது. சைடு கியரில் ஒன்று இறுகவும் மற்றது ஆடவும் செய்யும். இசட்எஃப் எஃகுத் தட்டுகள் 0.1 மி.மீ. வித்தியாசத்தில் வெவ்வேறு கனத்தில் கிடைக்கின்றன. அவற்றை மாற்றிப் போட்டே மொத்தக் கனத்தைச் சரிசெய்கிறோம். உராய்வுத் தட்டுகளைப் பூட்டுவதற்கு முந்தின இரவே எல்எஸ்டி ஆயிலில் ஊறப் போடுங்கள்.

கூண்டைப் பூட்டியதும் பெட்டிக்குள் வைக்கும் முன்னரே, ஒரு பக்க ஃபிளாஞ்சை வைஸில் பிடித்து, மறுபக்க ஃபிளாஞ்சை டார்க் ரென்ச்சால் திருப்பிப் பிரேக்அவேயைப் பாருங்கள். கிட் தயாரித்தவர் சொன்ன எண் வரவில்லை என்றால் இப்போதே பிரிக்கலாம். சாலைக்கு 70 முதல் 90 நியூட்டன் மீட்டர் எனக்கு நியாயமாகப் படுகிறது. தட்டு பழகியதும் இது கொஞ்சம் இறங்கும்.

கிரவுன் வீலை ஓவனில் 100 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடாக்கினால் தானாக உட்காரும். போல்ட்டால் இழுத்து உட்கார வைத்தால் கோணலாகி, பேக்லாஷ் இடத்துக்கு இடம் மாறும். போல்ட்டு புதியது, திரெட் லாக் புதியது, டார்க் கையேட்டில் உள்ளபடி. பழைய பேரிங்கையே விட்டால் பழைய ஷிம் அதே பக்கம் திரும்பும். பேரிங் மாற்றினால் மட்டும் மறுபடி அளக்க வேண்டும். அப்போது மொத்தக் கனத்தை முதலில் சரிசெய்துவிட்டு, பிறகு ஒரு பக்கத்திலிருந்து எடுத்த அதே கனத்தை மறுபக்கம் சேருங்கள். 0.1 மி.மீ. நகர்த்தினால் பேக்லாஷ் அதைவிடச் சற்றுக் குறைவாக மாறும்.

ஃபிளாஞ்ச் ஆயில் சீல், ஓ-ரிங், கம்பி வளையம், மூடி கேஸ்கெட் எல்லாம் புதிதாகப் போடுங்கள். வண்டி சமதளத்தில் நிற்க, ஆயில் பிளக் வாயில் வழியும் வரை, ஏறக்குறைய 1.7 லிட்டர். காஸ்ட்ரோல் எஸ்ஏஎஃப்-எக்ஸ்ஜே எல்எஸ்டிக்கு உரியது. எக்ஸ்ஓ சாதாரண டிஃபுக்கு. எக்ஸ்ஜேயில் உராய்வைச் சீராக்கும் சேர்மானம் ஏற்கெனவே உண்டு. மேலே தனிப் பாட்டில் ஊற்றினால் காசு கொடுத்து வாங்கிய லாக்கை நீங்களே குறைக்கிறீர்கள்.

பழக்குவதற்குக் காலி மைதானத்தில் மெதுவாக எட்டு வடிவத்தில் இருபது சுற்று, நடுவே ஒரு முறை ஆற விட்டு. முதல் 500 கி.மீ.யில் ஆயிலை மாற்றுங்கள். காந்த பிளக்கில் சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருப்பது இயல்பு, செதில் இருந்தால் மூடியைத் திறக்க வேண்டும். குறுகிய திருப்பத்தில் கடகடவென்று அதிர்வு வந்தால், தட்டு ஆயிலை இன்னும் முழுதாக உறிஞ்சவில்லை அல்லது ஆயில் தப்பு; இன்னும் சில எட்டுகள் போட்டுப் பாருங்கள். நேர்ச்சாலையில் ஒரே வேகத்தில் ஊளையிட்டால் தட்டின் மேல் பழி போடாதீர்கள், ஷிம் பையில் எழுதியதை எடுத்துப் பாருங்கள்.