டிஸ்சார்ஜ் சம்மரிய படிச்சிட்டு கையெழுத்து போடுங்க

டிஸ்சார்ஜ் அன்னிக்கு எல்லாரும் பில்லத்தான் உத்து உத்து பாக்குறோம், என்ன நோய், என்ன வைத்தியம்னு ஆஸ்பத்திரில எழுதிக் குடுக்குற சம்மரிய மடிச்சி பைல்ல சொருகிடுறோம். இன்சூரன்ஸ்காரன் படிக்கிறது அதத்தான்.

எங்க சித்தப்பாவுக்கு ஊரு கடலூர் ஓல்டு டவுன், பாண்டில ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரில ஹெர்னியா ஆபரேஷன். ராத்திரி பூரா வலி, தூக்கமில்ல, அட்மிஷன்ல பிபி 150/90. அத பாத்துட்டு டூட்டி டாக்டர் "பிபி நோயாளி, 5 வருஷமா"ன்னு எழுதிட்டாரு, அந்த 5 எங்கேர்ந்து வந்துச்சுன்னு இன்னிக்கி வரைக்கும் தெரில, சித்தப்பா பிபி மாத்திரைய கண்ணால கூட பாத்ததில்ல. பாலிசி எடுத்து ரெண்டு வருஷம்தான் ஆவுது. அப்புறம் என்ன, "ஏற்கனவே இருந்த நோய மறைச்சிட்டீங்க"ன்னு கிளைம் ரிஜெக்ட். ஹெர்னியாவுக்கும் பிபிக்கும் என்னய்யா சம்பந்தம்னு சித்தப்பா கேக்குறாரு, ஆனா அவனுங்க பிடிக்கிறது நோய இல்ல, மறைச்சதா சொல்றத.

அவங்க கணக்கும் புரியுது. அஞ்சு வருஷ பிபின்னா ஹார்ட்டு, கிட்னி, ஸ்ட்ரோக்குன்னு ரிஸ்க்கே வேற, பிரீமியமும் வேற. ஆனா ஒரு தடவ ஏறுன பிபி வேற, பிபி நோய் வேற இல்லியா? ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு (கோடு) குடுக்குற உலக சுகாதார நிறுவனத்தோட ஐசிடி-10 பட்டியல்ல ரெண்டுக்கும் தனித்தனி கோடே இருக்கு, நோய்னா ஐ10, ரீடிங் மட்டும் ஏறியிருந்தா ஆர்03.0. அதே மாதிரி அம்மாவுக்கு சுகர்னா இசட்83.3, நமக்கே டைப் 2 சுகர்னா இ11. ஸ்னோமெட் சிடின்னு இன்னொரு மருத்துவ கோடு தொகுப்பு இருக்கு, அது இன்னும் நுணுக்கம், மூணரை லட்சத்துக்கும் மேல கருத்துகள், "சந்தேகம்", "குடும்பத்துல இருக்கு" எல்லாத்தையும் பிரிச்சி சொல்லலாம். 2014லயே இந்தியா அதுல மெம்பர், இங்க யூஸ் பண்ண லைசென்ஸ் காசு கெடையாது. இருந்தும் கிறுக்கலா ஒரு வரிதான் எழுதுறாங்க!

கோடு வந்துட்டா எல்லாம் சரியாய்டுமான்னா அதுவும் இல்ல. நம்ம மருத்துவ ரெக்கார்ட எல்லாம் ஒண்ணா இணைக்கிற டிஜிட்டல் ஹெல்த் ஐடிய 2020ல மொதல்ல ட்ரை பண்ண யூனியன் பிரதேசங்கள்ல நம்ம புதுச்சேரியும் ஒண்ணு. தப்பா ஐ10 ஏறிடுச்சின்னா, நாம சம்மதம் குடுக்குற எடமெல்லாம் அந்த தப்பும் சுத்தமா, அழகா போய் சேரும். கிறுக்கல்னா "டாக்டர் கையெழுத்து புரில சார்"னாவது வாதாடலாம். இருந்தாலும் என் ஓட்டு கோடுக்குத்தான், ஆர்03.0 போட்டிருந்தா இந்த சண்டையே வந்திருக்காது.

இப்ப ஆபரேஷன் பண்ண டாக்டர் "முன்னாடி பிபி இல்ல, அட்மிஷன் ரீடிங் மட்டுந்தான்"னு லெட்டர் குடுத்துட்டாரு, நல்ல மனுஷன். அத வச்சி கம்பெனியோட குறைதீர்ப்பு பிரிவுக்கு அனுப்பியிருக்கோம். அங்கயும் கைய விரிச்சா இன்சூரன்ஸ் புகார விசாரிக்கிற சென்னை இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன்தான், கடலூர், பாண்டி ரெண்டுக்கும் அங்கதான், பீஸ் எதுவும் கெடையாது.