டெர்ஷியல் தெரிகிற வரை அது கொசு உள்ளான்தான்

வேதாரண்யம் உப்பளத்தில் ரெட்-நெக்டு ஸ்டின்ட் என்று இந்த ஐப்பசியில் செய்தி கிளம்பியதிலிருந்து (ஸ்டின்ட் என்பது சின்னக் கரைப்பறவை; நம் கரையில் சாதாரணமாகப் பார்க்கிற கொசு உள்ளானும் ஒரு ஸ்டின்ட்தான், இரண்டையும் பிரிப்பது கஷ்டம்) பறவை பார்க்கிற நம் ஆட்களில் பாதிப்பேர் அங்கேதான் கிடக்கிறார்கள். நானும் கிடந்தேன். பார்த்துவிட்டேன் என்றுதான் மனசு சொல்கிறது. ஆனால் பதிவு ஏறவில்லை. பறவைப் பதிவுகளைச் சேர்க்கிற ஈபேர்ட் தளத்தில் போட்டதும், சரிபார்ப்பவர்கள் ஆதாரம் கேட்டார்கள். என்னிடம் இருக்கிற படத்தை நானே சரிபார்க்க வேண்டியிருந்தாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கால் கறுப்பு. ஆக வெளிர்நிறக் கால் உள்ள டெமிங்க்ஸ், லாங்-டோடு ஸ்டின்டுகள் இரண்டும் கழிந்தன. அதற்கப்புறம்தான் வம்பு. மூக்கு குட்டை, கால் குட்டை, பின்பக்கம் நீளம், அதனால் ரெட்-நெக்டு என்று எழுதி வருகிற அறிக்கைகளைக் கண்டாலே எனக்கு எரிச்சல். சேற்றில் பாதிக்கால் புதைந்து நிற்கிற எந்த ஸ்டின்டுக்கும் கால் குட்டைதான். காற்றுக்கு இறகைச் சிலிர்த்துக்கொண்டால் உடம்பின் வடிவமே மாறிவிடும்.

இந்தப் பருவத்தில் நான் நம்புவது இந்த வருஷத்துக் குஞ்சின் டெர்ஷியலை, அதாவது இறக்கையில் உடம்பை ஒட்டிய உள்பக்க இறகுகளை மட்டும்தான். நவம்பருக்குள் முதுகும் தோளும் சாம்பலாகிவிடுகின்றன. கொசு உள்ளான் குஞ்சின் முதுகில் பளிச்சென்று தெரியும் வெள்ளை ‘வி’ கோடும் அதோடு போய்விடும். ஆனால் டெர்ஷியலும் இறக்கையை மூடும் சிறு இறகுகளும் பல குஞ்சுகளுக்குப் பழையதாகவே இருக்கும். நடுப்பகுதி கறுத்து, ஓரம் செம்பழுப்பாக இருந்தால் கொசு உள்ளான். நடுவில் மங்கிய சாம்பல், ஓரம் வெளிறல் என்றால் ரெட்-நெக்டு. குளிர்கால இறகில் நிற்கிற முதிர்ந்த பறவையை நான் தொடுவதே இல்லை. அதற்குப் பெயர் வைக்கிறவர்களின் துணிச்சலுக்கு ஒரு கும்பிடு.

சைபீரியாவில் குஞ்சு பொரித்து, பெரும்பகுதி தென்கிழக்கு ஆசியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் போகிற பறவை இது. நம் கரையில் ஒன்றிரண்டு ஒதுங்கினால், கொசு உள்ளான் கூட்டத்துக்குள் அதைப் பிரித்தெடுக்க வேண்டும். குருவி அளவுகூட இருக்காது, ஒரு நொடி நிற்காது. வெயில் ஏறினால் பாத்தி மேல் கானல் ஆட ஆரம்பித்துவிடும். டெர்ஷியல் ஓரம் என்ன நிறம் என்று கேட்டால் எல்லா நிறமும் என்றுதான் சொல்ல வேண்டும். விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் நமக்கு.

அந்த நேரத்திலும் படம் கெட்டதற்குக் காரணம் ஸ்கோப்பில் (முக்காலியில் வைத்துப் பார்க்கிற தொலைநோக்கி) போனை மாட்டுகிற அடாப்டர். ஆன்லைனில் வாங்கிய பிளாஸ்டிக் வளையம் கண்வில்லை மேல் ஆடுகிறது. உள்ளே ரப்பர் பட்டை சுற்றினேன். வெயிலில் இளகி வழுக்கியது. கடைசியில் கோவையில் ஒரு லேத் பட்டறையில் அலுமினியத்தில் கடைந்து தரச் சொன்னேன். கண்வில்லையின் வெளிவிட்டத்தை வெர்னியர் அளவுகோலில் அளந்து கொண்டுபோங்கள். ஸ்கோப்பையே எடுத்துப் போனால் இன்னும் நல்லது. பட்டறை அண்ணன், “இதை வைத்து என்ன சார் பார்க்கப் போறீங்க?” என்றார். சொன்னேன். கூலியைக் குறைத்துக்கொண்டார். வளையம் இப்போது அசையாமல் உட்காருகிறது. உள்ளே மெல்லிய ஃபெல்ட் துணி ஒட்டினால் கீறலும் விழாது.

வளையம் வந்த நேரம் மழையும் பிடித்துக்கொண்டது. பாத்திகளில் தண்ணீர் ஏறிவிட்டால் ஸ்டின்டுக்கு நிற்க இடமில்லை, கூட்டம் வேறு சேறு தேடிப் போய்விடும். முத்துப்பேட்டைப் பக்கம் போயிருக்கும் என்பது என் கணக்கு. அங்கே படகு பேச வேண்டும். அதற்குள் தனுஷ்கோடியில் நண்டு உண்ணி என்கிற கரைப்பறவையைப் பார்க்க ஒருவர் கூப்பிடுகிறார். போய்விட்டு வந்து, தண்ணீர் வடிந்ததும் மறுபடி உப்பளம்தான். அது வரை என் பட்டியலில் ‘ஸ்டின்ட், இனம் உறுதியில்லை’ என்றே கிடக்கும்.